நம்ம ஒயின் சுவைப்பு சங்கத்தோட ஆண்டறிக்கை: வெயில் காலத்துக்கு எது சரி?

எல்லாருக்கும் வணக்கம். கணக்கு வழக்கெல்லாம் பொருளாளர் அக்கா தனியா சொல்லுவாங்க, நிர்வாகக் குழுவுல மாற்றம் எதுவும் இல்ல, அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன். போன பொதுக்குழுவுல முடிவு பண்ணபடி இந்த வருஷம் பூரா ஒரே வேலைதான், வெயில் காலத்துல குடிக்க எந்த ஒயின் ஒத்துவரும்னு தேடித் தேடி ருசி பார்த்தோம்.

முதல் கூட்டம் சரியா அமையல. 14.5 சதவீதம் ஆல்கஹால் உள்ள கனமான ரெட் ஒயின, அறை சூட்டுல வைக்கணும்னு படிச்சத நம்பி அப்படியே ஊத்திட்டோம். மூக்குகிட்ட கொண்டு போனாலே சுருக்னு ஏறுச்சு, பாதி பேரு கிளாஸ முடிக்கவே இல்ல. அறை சூடுன்னு எழுதி வச்சவங்க குளிர் நாட்டு வீட்ட மனசுல வச்சு எழுதினாங்க, அங்க அது 16, 18 டிகிரிதான்.

அதனால அடுத்த கூட்டத்துல ஒரு சோதனை வச்சோம். பிரான்ஸோட போஜொலே பக்கத்து காமே திராட்சை ரெட் ஒயின், ஒரே பாட்டில், ரெண்டு கிளாஸ், ஒண்ணு வெளிய இருந்த சூட்டுல, இன்னொண்ணு 13 டிகிரிக்கு குளிர வச்சது. சொல்லாம குடுத்தோம். ரெண்டும் வேற வேற ஒயின்னு சாதிச்சாங்க! சூடானது மொத்தையா, குளிர்ந்தது செர்ரிப்பழம் மாதிரி துள்ளுச்சு. சூடு கூடினா ஆல்கஹால் முந்திக்குது, குளிர்ந்தா புளிப்பு எடுப்பா தெரியுது. அதுக்காக எல்லா ரெட்டையும் ஐஸ்ல போட்டுடாதீங்க, துவர்ப்பு அதிகமுள்ள கபர்னே மாதிரி ஒயின் குளிர்ந்தா கசக்கும். என்னைக் கேட்டா கோடையில பாட்டில் மேல இருக்குற பேர விட தெர்மாமீட்டர்தான் முக்கியம்.

ஒயிட்ல நெறைய பார்த்தோம். போர்ச்சுகல் வடமேற்குல இருந்து வர்ற வின்யோ வெர்டே, பேருல பச்சைன்னு இருந்தாலும் நெறத்த சொல்லல, இளசுங்கற அர்த்தம்தான், சிலதுல நாக்குல லேசா பொரியும். எல்லை தாண்டி ஸ்பெயினோட ரியாஸ் பைஷாஸ் பகுதியில அல்பரீனோ, ரெண்டு பக்கமும் அதே திராட்சைதான், பேரு மட்டும் போர்ச்சுகல்ல அல்வரீன்யோ. ஆனா எல்லார் மனசையும் அள்ளினது ஜெர்மனியோட மோசெல் ஆத்தங்கரை ரீஸ்லிங் திராட்சை ஒயின், அதுல கபினெட்ங்கற லேசான வகை. நாங்க பார்த்ததுல ஆல்கஹால் 8, 9 சதவீதம்தான், இனிப்பு இருக்கு, ஆனா புளிப்பு அத தாங்கிப் புடிக்குது. இனிப்பு ஒயினே வேணாம்னு சொல்ற பெரியவர் ஒருத்தர் ரெண்டாவது தடவ கிளாஸ நீட்டினாரு, எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ரோஸேல, அதாவது இளஞ்சிவப்பு ஒயின்ல, ஒரு தப்பு எண்ணத்த இங்கயே சொல்லிடணும். நெறம் வெளிறினா இனிப்பு கம்மி, அடர்ந்தா இனிப்புன்னு நெனைக்கிறோம், அப்படி இல்லவே இல்ல. தெற்கு பிரான்ஸ்ல தவேல்னு ஒரு ஊரு, ரோஸே மட்டும்தான் அந்தப் பேருல வரும், 1936ல அங்கீகாரம் கிடைச்சது, நெறம் நல்ல அடர்த்தி, இனிப்பு கெடையாது. ரோஸே பெரும்பாலும் நெறமில்லாத கண்ணாடி பாட்டில்ல வரும், வெளிச்சத்துல வச்சா வாசமே கெட்டுப்போகும், இருட்டுல வைங்க.

குளிர வைக்கிறதுல நாங்க கத்துக்கிட்டது: வெறும் ஐஸ் போதாது, இடையில காத்து நிக்கும். பாதி ஐஸ் பாதி தண்ணி, ஒரு கை உப்பு, பாட்டில கழுத்து வரைக்கும் அமுக்கி வச்சு அப்பப்ப திருப்பிவிட்டா கால் மணி நேரத்துலயே ஜில்லுன்னு ஆயிடும். ஊத்துறதும் கொஞ்சம் கொஞ்சமா, கிளாஸ் நிறைய ஊத்தினா கடைசி மடக்கு வெதுவெதுன்னு போயிடுது.

ஒரு வருத்தமும் உண்டு. ஒரு கூட்டத்துக்கு நான் வாங்கின பாட்டில்கள வெயில்ல நின்ன காரோட டிக்கியிலயே விட்டுட்டேன். கார்க் மேல துருத்திக்கிட்டு நின்னுச்சு, உள்ள ஒயின் வேகவச்ச பழம் மாதிரி ஆயிடுச்சு. சங்கப் பணம், மன்னிச்சுக்கோங்க, அந்தத் தொகைய திருப்பிக் கட்டிட்டேன்.

வர்ற வருஷம் ஸ்பெயினோட மன்சானியா வகை ஷெர்ரிய, அதாவது ஆல்கஹால் சேர்த்துக் கூட்டின ஒயின, எடுத்துக்கலாம்னு இருக்கோம், பாட்டில் திறந்தா ஒரு வாரத்துக்குள்ள முடிச்சிடணும்ங்கறதால எல்லாரும் வந்தே ஆகணும். ரெண்டு தெர்மாமீட்டர் வாங்க பொதுக்குழு அனுமதி குடுக்கணும்னு கேட்டுக்கறேன்.