கீரிப்பிள்ளைப் புத்தகம்

அன்புள்ள பாப்பா,

குட்டிக்கு ஒரு படப்புத்தகம் தபாலில் அனுப்பியிருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. காலையில் வெறும் காபியோடு ஓடாதே.

கீரிப்பிள்ளைக் கதைதான். பாட்டி சொல்லச் சொல்ல நீ அழுவாயே, அதே பஞ்சதந்திரக் கதை. தூளியில் பிள்ளை, கீழே துண்டு துண்டாகப் பாம்பு, வாசற்படியில் வாயெல்லாம் சிவப்பாகக் கீரி, தண்ணீர்க் குடத்தோடு வரும் அம்மா. அந்தக் கீரியின் கண்ணைப் பார். பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன் என்று சொல்ல ஓடிவந்த கண். கடைசிப் பக்கத்தில் கீரி மயக்கம் தெளிந்து எழுந்துவிடுகிறதாம். எனக்குப் பிடிக்கவில்லை. செத்துப்போனது என்றே குட்டிக்குச் சொல். பிள்ளைகள் தாங்குவார்கள்.

உனக்குப் பதவி உயர்வு என்று சித்தி சொல்லித்தான் தெரியும். தெருவெல்லாம் சொன்னேன். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன? ஞாயிற்றுக்கிழமைகூட இரண்டு நிமிடத்தில் போனை வைத்துவிடுகிறாய்.

சிலம்பில் அடைக்கலக் காதையிலும் இந்தக் கதை வருகிறது. கீரியைக் கொன்றவளை விட்டுக் கணவன் வடக்கே போய்விடுகிறான். அவன் எழுதிக்கொடுத்த ஏட்டோடு அவள் வணிகர் தெருவில் வீடு வீடாக அலைகிறாள். கோவலன் அவளைக் கிட்டே கூப்பிட்டு, 'யாது நீ உற்ற இடர்' என்று கேட்கிறான். தானம் செய்ததும், பொருள் கொடுத்ததும், காட்டுக்குப் போனவனைக் கூட்டிவந்து சேர்த்ததும் அதற்கப்புறம்தான்.

32 வருடம் தமிழ் வாத்தியாரம்மா. இந்த வரிக்கு எத்தனை பிள்ளைகளுக்குப் பொருள் சொல்லியிருப்பேன்!

தை மாதம் நீ பெட்டியோடு வந்து நின்றபோது, "மாப்பிள்ளை வரலையா?" என்றேன். உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை. எதிர்வீட்டுத் திண்ணையில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தேன். குட்டியின் ஒரு காலில் நீலச் செருப்பு, இன்னொன்றில் பச்சை. எவ்வளவு அவசரத்தில் கிளம்பியிருக்கிறாய்! அதைப் பார்த்தேன் பாப்பா. பார்த்தும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் நானே டிக்கெட் எடுத்து உன்னை ரயிலேற்றினேன். அப்பா இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டார்.

இப்போது கேட்கிறேன். போனில் வேண்டாம் என்றால் எழுது. எழுதவும் வேண்டாம் என்றால் கிளம்பி வா. யார் என்ன நினைப்பார்கள் என்று நான் இனிமேல் பார்க்கமாட்டேன்.

மாடி அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. ஒழுகும் குழாயை மாற்றியாயிற்று. குட்டிக்கு நீலத்தில் ஒரு ஜோடி செருப்பு வாங்கி வைத்திருக்கிறேன், அளவுதான் தெரியவில்லை.

வெறும் காபியோடு ஓடாதே.

அம்மா