பூத்துப்போன ரொட்டி

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம்.

ரொட்டியில் பச்சையாய்ப் பூத்திருந்த இடத்தை மட்டும் கிள்ளிப் போட்டுவிட்டு மீதியைச் சாப்பிட்டதாக நேற்று போனில் சொன்னாயே, இனி அப்படிச் செய்யாதே. நீ கிள்ளியது மேலே தெரிந்த பூஞ்சையின் வித்துத் தூளைத்தான். அது வெளியே வருமுன்பே இழைகள் உள்ளே ஓடியிருக்கும். முழுசாகத் தூக்கிப் போடு, பாக்கெட் பதினைந்து ரூபாயானாலும் ஐம்பதானாலும்.

"பூஞ்சைன்னா என்ன தாத்தா?" என்று குட்டி கேட்டாள், அதற்குள் லைன் போய்விட்டது. அவளிடம் சொல்: நம் வீட்டில் நோஞ்சான் பிள்ளையைத்தான் பூஞ்சை உடம்பு என்போம். ஊறுகாயில் படிவதைப் பூஞ்சணம் என்போம். பாடப்புத்தகத்துப் பூஞ்சையில் அதுவும் உண்டு, காளான், ஈஸ்ட், தோலில் வரும் படர்தாமரை எல்லாமும் உண்டு. லத்தீனில் ஃபங்கஸ் என்றால் காளான்தான்.

பெயர்தான் நோஞ்சான். அமெரிக்காவின் ஓரிகன் காட்டில் ஒரே ஒரு பூஞ்சை மண்ணுக்கடியில் சுமார் 9 சதுர கிலோமீட்டருக்குப் பரவிக் கிடக்கிறது!

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். பூஞ்சையும் ஒருவகைத் தாவரம் என்றே பல வருடம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன், நான் படித்தது அப்படி. அமெரிக்க உயிரியலாளர் விட்டேக்கர் 1969-லேயே அதைத் தனி உலகமாகப் பிரித்துவிட்டார். பச்சையம் கிடையாது. செல்சுவரில் இருப்பது கைட்டின், இறால் ஓட்டில் இருக்கிறதே, அதே பொருள். நாம் விழுங்கிவிட்டுச் செரிக்கிறோம். பூஞ்சையோ செரிமானச் சாற்றை வெளியே விட்டு, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கிறது. உறவுமுறை பார்த்தால் செடியைவிட நமக்குத்தான் நெருக்கம்.

புற்றுக்காளான் ஞாபகம் இருக்கிறதா? மழை விட்டதும் ஆச்சியோடு கூடை தூக்கிப் போவாயே. இடி இடித்தால் முளைக்கும் என்பாள் ஆச்சி. அது கறையான் வளர்க்கிற பயிர். தின்ற சருகைப் புற்றுக்குள் எருவாகப் போட்டு, அதில் பூஞ்சை வளர்த்துச் சாப்பிடுகிறது. மழைக்கு வெளியே தலை நீட்டுவதைத்தான் நாம் பறித்தோம். அம்மா வைத்த அந்தக் குழம்பு மாதிரி இதுவரை நான் சாப்பிட்டதில்லை. அதற்காக அங்கே பார்க்கில் முளைக்கிறதையெல்லாம் பறித்துவிடாதே, கடையில் வாங்கு.

அப்புறம், மாவடு அனுப்பியிருக்கிறோம். ஈரக் கரண்டி போடாதே, பூத்துப்போகும்.

அன்புடன்,
அப்பா