தேக்கின் இடைவெளி குறித்து மகளுக்கு

மேற்கு மாம்பலம்,
சென்னை.

அன்புள்ள மகளுக்கு,

மதுராந்தகத்து நிலத்தில் மீட்டருக்கு ஒன்றாகத் தேக்கு நடப்போவதாகவும், பாதி பட்டுப்போனாலும் பாதி மிஞ்சும் என்றும் தொலைபேசியில் சொன்னாய். அந்தக் கணக்கு என்னை உறங்கவிடவில்லை, அம்மா. ஏக்கருக்கு 4,000 கன்றுகளுக்கு மேல் வரும்.

உன் நிலம் ஒரே நிலம் அன்று. மேட்டுப் பகுதி சரளை; ஏரிப்பக்கம் ஆழமான வண்டல். சரளையில் கன்றுகள் முதல் இரண்டு கோடையிலேயே தாகத்தால் சாகும்; நெருக்கி நட்டால் இருக்கும் சிறிது ஈரத்தையும் பங்கு போட்டுக்கொள்ளும். வண்டலிலோ ஏறக்குறைய எல்லாமே பிழைத்துவிடும். ஆபத்து அங்கேதான் பின்னால் வருகிறது. நான் பணியில் இருந்தபோது பராமரித்த ஒரு தோட்டத்தில், ஒரே நாளில் ஒரே இடைவெளியில் நட்ட தேக்குகளுள், நல்ல மண்ணில் நின்றவை ஆறாம் ஆண்டிலேயே தலையோடு தலை முட்டி ஒன்றையொன்று நசுக்கத் தொடங்கின. மேட்டில் நின்றவற்றின் கிளைகள் அப்போதும் தொட்டுக்கொள்ளவில்லை. வளமான மண் மரத்தை விரைவாக வளர்க்கிறது, ஆகவே சாவையும் விரைவாகக் கொண்டுவருகிறது என்பதை நான் அங்கேதான் புரிந்துகொண்டேன்.

அமெரிக்க வனவியலாளர் ரெய்னெக் 1933இல் இதற்கு ஒரு கணக்கே தந்தார்: நெருங்கி நிற்கும் காட்டில் மரங்களின் சராசரி விட்டம் இரு மடங்கானால், அந்த இடம் தாங்கக்கூடிய எண்ணிக்கை ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகிவிடும். மிச்சத்தை நீ வெட்டிக் கலைத்துவிடாவிட்டால் நிழல் கொல்லும். அப்படிச் சாகும் மரம் பல ஆண்டுகள் பக்கத்து மரத்தையும் மெலியவைத்துவிட்டே சாகிறது. மிஞ்சுபவை ஒட்டடைக் கம்பு போல உயர்ந்து நிற்கும். 2016 டிசம்பரில் வர்தா புயல் இந்த நகரத்து மரங்களைச் சாய்த்ததை நீயும் கண்டாய், அதே கடற்கரைக் காற்றுதான் அங்கும் வீசும்.

நண்டோட நெல், நரியோட கரும்பு, வண்டியோட வாழை, தேரோட தென்னை என்று உன் பாட்டி சொல்வாள்; நண்டும் நரியும் வண்டியும் தேரும் ஓடும் அளவுக்கு இடைவெளி விடு என்று பொருள். பெங்களூரிலிருந்து வந்து நாலைந்து ஆண்டுகளில் மரம் கலைக்க உன்னால் இயலாது என்பதால், வண்டலில் மூன்று மீட்டர் இடைவெளி விடு. ஏக்கருக்கு ஏறத்தாழ 450 கன்றுகள் போதும். மேட்டில் தேக்கு வேண்டாம், வேம்பு வை. ஏரிக்கரையை ஒட்டித் தண்ணீர் தேங்கும் தாழ்விலும் தேக்கு வேர் அழுகும்; அங்கே நீர்மருது நிற்கும்.

கன்றுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், இரு பக்கமும் மூன்றடிக் குழி தோண்டச் சொல். எந்த ஆழத்தில் கடப்பாறை கல்லில் முட்டியது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா