தையல் வகுப்புக்குப் பக்கத்து அறை: உறையூர் மாதர் சங்கத்தின் 2024-25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அம்மா அவர்களுக்கும், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், சங்கத்துச் சகோதரிகள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான காரியங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதாமாதம் கூடியது. தையல் வகுப்பு, நவராத்திரிக் கொலு, பொங்கல் கோலப்போட்டி, கண் பரிசோதனை முகாம் எல்லாம் முந்தைய வருடம் போலவே நடந்தன. நூலகத்துக்குப் புது அலமாரி வந்துவிட்டது. பழையது யாருக்காவது வேண்டுமென்றால் தூக்கிக்கொண்டு போகலாம், சங்கத்துக்கு இடம் மிச்சம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இனி மனநல ஆலோசனை அறை. இந்த வருடம் சங்கத்தில் அதிகம் பேசப்பட்டதும், அதிகம் சண்டை வந்ததும் இதற்காகத்தான்.

முதல் சண்டை போர்டுக்காக. வாசலில் ‘மனநல ஆலோசனை மையம்’ என்று பெரிதாக எழுதி வைக்க வேண்டும், நாம் எதற்கு வெட்கப்பட வேண்டும் என்று செயற்குழுவில் பாதிப் பேர் கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். ஆனால் உள்ளே வரப்போகிறவள் அந்தத் தெருவிலேயே குடியிருக்கிறவள். அவளுக்குக் கல்யாணத்துக்கு நிற்கும் நாத்தனார் இருப்பாள், வீட்டுக்கு வரன் பார்க்க ஆட்கள் வருவார்கள். கடைசியில் போர்டு வேண்டாம் என்று முடிவானது. தையல் வகுப்புக்கு அடுத்த அறையைக் காலி செய்து கொடுத்தோம். கையில் துணிப்பை இருந்தால் போதும், எங்கே போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. ஐந்தாறு தையல் மிஷின் ஓடும் சத்தத்தில் உள்ளே பேசுவது வெளியே கேட்பதும் இல்லை. அறையில் வைத்திருக்கும் வருகைப் பதிவேட்டில் எண் மட்டும்தான் எழுதுகிறோம், பெயர் கிடையாது. உள்ளே யார் என்ன சொன்னார்கள் என்பது செயலாளரான எனக்கும் தெரியாது. அப்படித்தான் இருக்க வேண்டும். ரகசியம் காப்பது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் கொடுத்திருக்கும் உரிமை.

நேரத்தையும் வருகிறவர்களைக் கேட்டுத்தான் மாற்றினோம். மாலை ஆறு மணி என்று ஆரம்பித்தோம், யாரும் வரவில்லை. அந்த நேரத்தில் தண்ணீர் பிடிக்க வேண்டும், பிள்ளைகளைப் படிக்க உட்கார வைக்க வேண்டும், ராத்திரி டிபனுக்கு ஏற்பாடு. மதியம் இரண்டிலிருந்து நான்கு என்று மாற்றிய பிறகுதான் பெஞ்சு நிறைந்தது. திங்கட்கிழமை மட்டும் காலியாகவே கிடந்தது. ஏன் என்று விசாரித்தால், நம் பகுதியில் குழுக் கடன் தவணை வசூல் அன்றுதானாம். தூக்கம் வராத பலருக்கும் அந்தத் தவணைதான் காரணம் என்று ஆலோசகர்கள் பொதுவாகச் சொன்னார்கள். கடனைப் பேசாமல் மனதை மட்டும் பேசிப் பயனில்லை. அதனால் மாதம் ஒருமுறை ஒரு வழக்கறிஞரையும் வரச் சொன்னோம். மிரட்டி வசூல் செய்வதைத் தடுக்க மாநில அரசு 2025-இல் தனிச் சட்டமே கொண்டுவந்திருக்கிறது, அதையும் அவர் விளக்கினார்.

ஆலோசகர்கள் இருவர். ஒருவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர், மற்றவர் மனநல சமூகப் பணி படித்தவர். இருவரும் மாத்திரை எழுத மாட்டார்கள், அது மனநல மருத்துவரின் வேலை. தேவைப்பட்டவர்களைத் திருச்சி அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதி அனுப்புகிறார்கள். மாவட்ட மனநலத் திட்டம் தமிழகத்தில் முதலில் வந்தது 1997-இல் நம் திருச்சிக்குத்தான் என்பது நம்மில் பலருக்கே தெரியாது. கட்டணம் என்று எதுவும் கேட்பதில்லை. மூலையில் ஒரு பிஸ்கட் டின், முடிந்தவர்கள் முடிந்ததைப் போடுகிறார்கள்.

வருகிறவர்களில் ‘மனசு சரியில்லை’ என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் குறைவு. தலை பாரம், நெஞ்சு படபடப்பு, கை கால் எரிச்சல், சாப்பாடு இறங்கவில்லை, இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். பெஞ்சில் காத்திருக்கும்போது பார்த்திருக்கிறேன், மடியில் ஜவுளிக்கடைப் பை, அதற்குள் இ.சி.ஜி., தைராய்டு, ஸ்கேன் என்று கத்தை. எல்லாவற்றிலும் ‘நார்மல்’ என்றே இருக்கும். ‘உனக்கு ஒன்றுமில்லை’ என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் வருகிறவர்கள். எங்கள் ஆலோசகர்கள் அந்தக் கத்தையை வாங்கி ஒவ்வொரு தாளாகப் படித்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். வந்தவளுக்கு அது சின்ன விஷயமில்லை.

அக்டோபர் 10, உலக மனநல நாள் கூட்டத்தில் இதை எல்லோரும் நேரில் பார்த்தீர்கள். மனச்சோர்வைக் கண்டறிய மருத்துவமனைகளில் கேட்கும் ஒன்பது கேள்வித் தாளை உளவியலாளர் வாசித்தார். “கடந்த இரண்டு வாரங்களில் செயல்களில் ஆர்வமின்மை இருந்ததா?” என்றதும் ஹாலில் ஒரு சத்தமில்லை. தாளை மடித்து வைத்துவிட்டு, “சீரியல் ஓடுது, கண்ணு அங்கதான் இருக்கு, யாரு என்ன பேசுனாங்கன்னு கேட்டா தெரியாது. அப்படி எத்தனை நாளா?” என்றார். பின்வரிசையில் ஒருவர் “அதுவா, அது வருஷக் கணக்கா” என்றார். அப்புறம் நன்றி உரைக்கே நேரமில்லாமல் போய்விட்டது.

அடுத்த சண்டை குணசீலம் கோயிலுக்காக. மனம் பேதலித்தவர்களை அழைத்துக்கொண்டு போய் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், பிரசன்ன வேங்கடாசலபதி சந்நிதியில் தங்கி, உச்சிக்காலத் தீர்த்தம் முகத்தில் தெளிக்க நிற்பது நம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக உள்ள வழக்கம். “ஆலோசகர்கள் இதைத் தடுக்க வேண்டாமா?” என்று ஒரு உறுப்பினர் கடிதமே எழுதினார். அவர்கள் தடுக்கவில்லை. போகச் சொல்கிறார்கள், மாத்திரை டப்பாவையும் கூடவே எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறார்கள். இது வெறும் சமாதானப் பேச்சும் அல்ல. தமிழ்நாட்டில் ஒரு கோயிலில் தங்கிய மனநோயாளிகளை ஆராய்ந்து 2002-இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. அங்கே மருந்தோ சடங்கு வைத்தியமோ கொடுக்கவில்லை, ஆதரவான இடத்தில் சில வாரம் தங்கியதிலேயே நோயின் தீவிரம் ஓரளவு குறைந்ததாகப் பதிவு செய்திருக்கிறார்கள். அதேசமயம் 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநோயாளிகள் காப்பகத்தில் சங்கிலியில் கட்டிக்கிடந்த 28 பேர் தீயில் வெந்து செத்ததையும் நாம் மறக்க முடியாது. சங்கிலி போடுவதைச் சட்டம் இன்று முழுவதுமாகத் தடை செய்திருக்கிறது. நேர்த்திக்கடன் அவரவர் நம்பிக்கை, சங்கிலிக்கு மட்டும் இடமில்லை.

குடும்ப விஷயத்திலும் இதே நிதானம்தான். “மாமியாரை விட்டுத் தனியாகப் போய்விடு” என்று இங்கே யாரும் சொல்வதில்லை. வந்தவள் விரும்பினால் அடுத்த முறை அத்தையையும் அழைத்து வரலாம், வந்த அத்தைகளில் சிலர் தங்களுக்கென்று ஒரு நேரம் வாங்கிக்கொண்டு போனதும் உண்டு. ஆனால் அடி உதை என்றால் பேச்சு வேறு. “கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொல்லக் கூடாதா?” என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். கூடாது. பெண்கள் உதவி எண் 181-உம், 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி மாவட்டத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரின் முகவரியும் அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. அந்தத் தாள் அங்கேயே இருக்கும்.

உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர்களின் வீட்டார் போலீஸ் கேஸ் வருமோ என்று பயந்து மருத்துவமனைக்கே போகத் தயங்குகிறார்கள். அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் சட்டத்தில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆவது பிரிவே இல்லை. தயவு செய்து அக்கம்பக்கத்தில் சொல்லுங்கள். ராத்திரி நேரத்துக்கு அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மனஸ் 14416 இருக்கிறது, தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

முடியாமல் போனது ஒன்று. என்.எஸ்.பி. ரோடு, சின்னக்கடை வீதி ஜவுளிக்கடைகளில் வேலை பார்க்கும் பெண்களை இந்த வருடமும் நம்மால் எட்ட முடியவில்லை. கடையில் உட்கார நாற்காலி தர வேண்டும் என்று 2021-இல் சட்டத்திருத்தம் வந்தது அவர்களைப் போன்றவர்களுக்காகத்தான். மதியம் இரண்டு மணிக்கு அவர்கள் கவுண்டரில் நிற்பார்கள், ராத்திரி கடை அடைத்து வீடு சேர நேரமாகிவிடும். விடுமுறையும் எல்லோருக்கும் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. காலையில் கடை திறக்கும் முன் ஒரு மணி நேரம் கிடைத்தால் வருகிறோம் என்று சிலர் சொல்லியனுப்பினார்கள்.

ஆகவே புதன், சனி இரு நாளும் காலை எட்டிலிருந்து ஒன்பது வரை அறையைத் திறப்பது, ஆலோசகர்களின் கூடுதல் போக்குவரத்துச் செலவைச் சங்க நிதியிலிருந்து கொடுப்பது என்ற தீர்மானத்தைச் செயற்குழு சார்பில் முன்வைக்கிறேன். தீர்மானம் நிறைவேறினால் ஏழே முக்காலுக்குச் சாவி வாங்கி அறையைத் திறக்க ஆள் வேண்டும். முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கவும். மின்விசிறி ரிப்பேரையும் அதற்குள் பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
கௌரவச் செயலாளர்