பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குக் குருக்கள் திரும்ப வேண்டும்: தமிழக ஆயர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேதகு ஆயர் பெருமக்களுக்கு,

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

தூய வாழ்வு துறவியருக்கு மட்டும் உரியதன்று, விசுவாசிகள் அனைவரும் அதற்கு அழைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கம் கற்பிக்கிறது. அந்த அழைப்பை ஏற்று வாழ நம் பாட்டன் பாட்டிமார் புதுவழி எதையும் தேடவில்லை. மாலையில் ஜெபமாலை, படுக்குமுன் ஆத்தும சோதனை, வெள்ளிக்கிழமை ஒறுத்தல், குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் தவறாத பாவசங்கீர்த்தனம் என்று இருந்தார்கள். இவற்றில் மற்றவற்றை ஒரு குடும்பம் முயன்றால் தன் வீட்டுக்குள்ளேயே மீட்டுக்கொள்ளலாம். பாவசங்கீர்த்தனத்துக்கு மட்டும் குருவானவர் வேண்டும். ஆகவேதான் இதைத் தங்களுக்கு எழுதுகிறேன்.

இன்று பல ஆலயங்களில், குருவானவர் மறைவாக அமர்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்கும் தொட்டிக்குள் பிளாஸ்டிக் நாற்காலிகளும் பழைய ஒலிபெருக்கிப் பெட்டிகளும் அடுக்கப்பட்டிருக்கின்றன. உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய பெரிய வாரத்தில் மட்டும் பீடத்தின் ஓரமாக நாற்காலி போட்டு மூன்று நான்கு குருக்கள் அமர்கிறார்கள். வரிசை வாசல் வரை நீள்கிறது. பின்னால் நிற்பவர் காதில் விழுந்துவிடுமோ என்ற கூச்சத்தில், ஆண்டு முழுவதும் சுமந்த பாவத்தை ஓரிரு வாக்கியங்களில் சொல்லி எழுகிறார்கள். மற்ற நாள்களில் பாவசங்கீர்த்தனம் செய்ய விரும்புகிறவர் பங்கு அலுவலகத்துக்குச் சென்று, தன் முகத்தைக் காட்டி, நேரம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. கனமான பாவத்தோடு தயங்கி நிற்கும் ஓர் இளைஞன் அந்த அலுவலகப் படியை ஏறுவான் என்று எனக்குத் தோன்றவில்லை.

திருச்சபையின் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. விசுவாசிகளுக்கு வசதியான நாள்களையும் நேரத்தையும் குறித்து, அவர்கள் தனித்தனியாகப் பாவசங்கீர்த்தனம் செய்ய வழிசெய்வது ஆன்மப் பொறுப்பு ஏற்றவர்களின் கடமை என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 986-ஆம் எண் கூறுகிறது. அறிவிக்கப்பட்ட நேரத்தில் குருக்கள் மக்கள் கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்றும், திருப்பலிக்கு முன்பே பாவசங்கீர்த்தனம் கேட்க ஆயத்தமாக இருக்க வேண்டும் என்றும் திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் 2002-இல் வலியுறுத்தினார். நான் சங்கத்துக்கு முந்தைய இலத்தீன் வழிபாட்டைத் திரும்பக் கேட்கவில்லை. சங்கத்துக்குப் பிந்தைய திருச்சபையே கட்டளையிட்டதைத்தான் கேட்கிறேன்.

நம் மண்ணில் இந்த அருட்சாதனத்துக்கு இருந்த மதிப்பையும் தாங்கள் அறிவீர்கள். முத்துக்குளித்துறையில் உழைத்த போர்த்துகீசிய மறைப்பணியாளர் அண்டிரிக் அடிகளார் 1578-இல் தம்பிரான் வணக்கம் என்னும் மறைக்கல்வி நூலைத் தமிழில் அச்சிட்டார். அடுத்த இரண்டே ஆண்டுகளில், 1580-இல், பாவசங்கீர்த்தனத்துக்கான கையேடு ஒன்று தமிழில் அச்சேறியது. கடலோர மக்களுக்கு எதை முதலில் கொடுக்க வேண்டும் என்பதில் அந்த மறைப்பணியாளருக்கு ஐயமே இருக்கவில்லை. பங்குக் குருக்களின் பாதுகாவலரான புனித ஜான் மரிய வியான்னியோ, ஆர்ஸ் என்னும் சிற்றூரில் நாளின் பெரும்பகுதியைப் பாவசங்கீர்த்தனத் தொட்டியிலேயே கழித்தார்.

கிளைக் கிராமங்கள், பள்ளி நிர்வாகம், கட்டட வேலை, அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டங்கள் என்று நம் குருக்கள் ஓய்வின்றி அலைவது உண்மை. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் கட்டடத்தைப் பொறியாளரும் கணக்கைப் பங்குப் பேரவையும் பார்த்துக்கொள்ள முடியும். பாவமன்னிப்பு வழங்க வேறு யாராலும் முடியாது. நேரம் வைத்தாலும் யாரும் வருவதில்லை என்று சில குருக்கள் வருந்துகிறார்கள். முதல் சில மாதங்கள் அப்படித்தான் இருக்கும். ஆளே வராவிட்டாலும் குருவானவர் ஜெபமாலையோடு அங்கே அமர்ந்திருப்பதை மக்கள் வாரந்தோறும் கண்டால், ஒருவர் வருவார், பிறகு அவர் பிள்ளைகளும் வருவார்கள்.

எனவே, கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தம் செய்யும் வரும் திருவருகைக் காலத்துக்கு முன் ஒரு சுற்றுமடல் வழியாகத் தாங்கள் இவற்றைப் பணிக்குமாறு வேண்டுகிறேன். ஞாயிறு திருப்பலிக்கு அரைமணி நேரம் முன்பு ஒவ்வொரு பங்கிலும் பாவசங்கீர்த்தனம் கேட்கப்பட வேண்டும். அந்த நேரம் அறிவிப்புப் பலகையில் எழுதப்பட வேண்டும். பல பங்குகள் சேர்ந்த மறைவட்டத்துக்கு ஓர் ஆலயத்திலாவது, வேலை முடிந்து வருவோருக்காக, நாள்தோறும் மாலையில் ஒரு குருவானவர் இருக்க வேண்டும். புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கிய சிறுவர்களை மறைக்கல்வி ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை அழைத்துவர வேண்டும். தொட்டியில் அடுக்கிய நாற்காலிகளுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

தங்கள் ஆசீரை வேண்டும்,
ஒரு பங்கு விசுவாசி