ஏழு மலை ஏழு கடல்

டேய் மொட்டை,

எட்டு மாதமாக வாயே திறக்காதவன் திடீரென்று எழுதுகிறான் என்றால் கடன் கேட்கத்தான் என்று நினைப்பாய். பயப்படாதே. இங்கே எல்லோரும் நலம், சின்னவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள், வாத்தியார் அதே வேலையில் அதே புலம்பலோடு இருக்கிறார். விஷயம் வேறு.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா நான் செய்த ஆன்லைன் ஃபார்மை நிரப்பினார். ஆமாம், "ஏழு மலை ஏழு கடல்" என்று நீ பெயர் வைத்தாயே, அந்த ஏழு ஸ்டெப் ஃபார்மேதான். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு ஸ்டெப் சுகமாகப் போனது. ஐந்தாவதில் மறுபடி முகவரி கேட்டது. "முதல்லயே குடுத்தேனேடா" என்றார். கொடுத்தார்தான். அதை எடுத்து நிரப்பிக் காட்ட எனக்கு அரை நாள் வேலை, சோம்பேறித்தனத்தில் விட்டிருந்தேன். ஒருமுறை வாங்கிய தகவலை அதே வேலைக்குள் திரும்ப அடிக்கச் சொல்லாதே, நீயே நிரப்பு, இல்லை தேர்ந்தெடுக்க விடு என்று 2023இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2, அதாவது எல்லோராலும் பயன்படுத்த முடிகிற மாதிரி இணையதளம் கட்டுவதற்கான விதித்தொகுப்பு, சொல்கிறது, அதுவும் ஆக அடிப்படையான ஏ நிலையிலேயே. மீட்டிங்கில் இதை மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவன் நான்தான், சிரித்துக்கொள்.

சரி, முன்னால் எழுதியதைப் பார்த்து அப்படியே எழுதலாம் என்று பிரவுசரின் பேக் பட்டனை அமுக்கினார். போச்சு. ஏழு ஸ்டெப்பும் ஒரே யூஆர்எல்லில், ஒரே இணைய முகவரியில், ஓடுகிறது, ஸ்டெப் மாறுவதை நான் பிரவுசரின் ஹிஸ்டரியில் ஏற்றவே இல்லை, ஒரே அமுக்கில் ஃபார்மை விட்டே வெளியே போய்விட்டார். திரும்பி வந்தால் எல்லாக் கட்டமும் காலி. திரையைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், "நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன்" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லைடா. சொல்லியிருக்க வேண்டும்.

இதே பட்டனுக்காக நாம் மூன்று நாள் பேசாமல் இருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? கீழே "முந்தையது" என்று நான் ஒன்று வைத்திருக்கும்போது எவன் மேலே போய் அமுக்குவான் என்று கத்தினேன். எவன் என்று இப்போது தெரிகிறது.

இரண்டாவது சுற்று இன்னும் மோசம். கணக்கு எண்ணை அடித்துவிட்டு, கீழே போக மவுஸ் சக்கரத்தை உருட்டினார். டைப் நம்பர் ஃபீல்டு அல்லவா, சக்கரத்தை உருட்டினால் எண்ணே கூடிக் குறையும் கட்டம், பக்கம் நகராமல் கடைசி இலக்கம் 7லிருந்து 6 ஆனது. அவர் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். எத்தனை பேர் தப்பான எண்ணோடு போயிருப்பார்களோ. அப்புறம் ஏதோ தாளைத் தேடி எழுந்து போய்விட்டு வருவதற்குள் செஷன் முடிந்துவிட்டது, நேரம் தீர்ந்து ஃபார்ம் அவரை வெளியே தள்ளிவிட்டது. எச்சரிக்கை காட்டி, நேரத்தை நீட்டிக்கொள்ள 20 விநாடியாவது தர வேண்டும் என்பது அதே டபிள்யூசிஏஜியில் 2008இலிருந்தே இருக்கும் விதி. மூன்றாவது சுற்றுக்கு அவர் உட்காரவில்லை, நானும் கூப்பிடவில்லை.

இந்த வாரம் முழுக்க அதைத்தான் பிரித்து மேய்கிறேன். ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் தனி யூஆர்எல், "அடுத்து" அமுக்கும்போதெல்லாம் சர்வரில் சேமிப்பு, எண் கட்டங்கள் சாதாரண டெக்ஸ்ட், இன்புட்மோட் மட்டும் நியூமெரிக், ஃபோனில் எண் விசைகள் வருவதற்காக. எல்லாப் பதிலையும் ஒரே இடத்தில் காட்டித் திருத்த விடும் பக்கம் ஒன்றைக் கடைசியில் சேர்த்தேன். மின்னஞ்சலை அடித்து முடிக்கும் முன்பே சிவப்பில் கத்திக்கொண்டிருந்ததை எடுத்துவிட்டேன். ஆனால் உன் "பக்கத்துக்கு ஒரு கேள்வி" மதத்துக்கு மட்டும் நான் மாற மாட்டேன். ஒரு பக்கத்துக்கு ஒரு விஷயம் என்றால் ஒரு கட்டம் என்று அர்த்தமில்லை, முகவரியை நாலு பக்கமாக உடைத்தால் அப்பா என்னை உடைப்பார்.

புது வடிவத்தின் இணைப்பை நாளை அனுப்புகிறேன். நீ பார்க்காதே, உனக்குப் பழகிவிட்டது. அம்மாவை நிரப்பச் சொல், நீ பக்கத்தில் உட்கார், ஒரு வார்த்தை பேசாதே. அவர் கை எங்கே நிற்கிறது என்று மட்டும் எழுது.