டெல்டா தியேட்டர் முதலாளிகளுக்கு: இந்தக் கோடைக்கு அலிபாபாவைப் போடுங்கள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் தியேட்டரைக் கல்யாண மண்டபமாக்காமல் இன்னமும் படம் ஓட்டிக்கொண்டிருக்கும் முதலாளிமார்களுக்கு,

வணக்கம். பழைய படங்களை மறுபடி வெளியிட்டு நீங்கள் நாலு காசு பார்ப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பழசு இருபது, இருபத்தைந்து வருஷத்தோடு நின்றுவிடுகிறது. அதைத் தாண்டினால் எம்.ஜி.ஆர். படம், அதுவும் மன்றத்துக்காரர்கள் வந்து கேட்டால் ஒரே ஒரு காட்சி, கட்அவுட்டுக்கு மாலை, சூடம், அத்தோடு சரி. நான் கேட்பது வேறு. வருகிற மே மாதம் ஒரு வாரம் காலைக்காட்சியாக, பிள்ளைகளுக்கென்றே 'அலிபாபாவும் 40 திருடர்களும்' போடுங்கள். உளுந்து, பயறெல்லாம் எடுத்தாகியிருக்கும். பம்புசெட் இல்லாதவர்களுக்கு மேட்டூர் திறக்கிற ஜூன் 12 வரைக்கும் வயலில் பெரிதாக வேலை கிடையாது. பள்ளிக்கூடமும் லீவு.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் கேவா கலர் என்ற வண்ணப் பிலிமில் எடுத்து, 1956 ஜனவரியில் வெளியிட்ட படம். தமிழில் முழுநீளமும் வண்ணத்தில் வந்த முதல் படம். போஸ்டரில் தயவுசெய்து இதைப் பெரிதாகப் போடாதீர்கள். வினாடி வினாவுக்கு உதவுமே தவிர, ஒரு பிள்ளையையும் தியேட்டருக்குள் இழுக்காது.

எது இழுக்கும் என்று நான் கண்ணால் பார்த்தேன். நீடாமங்கலம் பக்கம் ஒரு மாரியம்மன் கோயில் திருவிழாவில் திரை கட்டி இந்தப் படத்தைப் போட்டார்கள். பெரியவர்கள் பிளாஸ்டிக் நாற்காலியில், பிள்ளைகள் எல்லாம் முன்னால் சாக்கை விரித்துத் தரையில். முதல் அரைமணி நேரம் ஐஸ் வண்டிக்கும் திரைக்கும் நடுவே ஓடிக்கொண்டேதான் இருந்தார்கள். குகை திறந்ததும் ஓட்டம் குறைந்தது. அலிபாபாவின் அண்ணன் காசிம் உள்ளே போய், கை கொள்ளாமல் பொன்னை அள்ளி, வெளியே வரும் நேரத்தில் 'திறந்திடு சீசே' மந்திரம் மறந்து முழிக்கிறான் பாருங்கள், அந்த இடத்தில் ஒரு பொடியன் சாக்கிலிருந்து எழுந்து நின்று, "சீசேடா! சீசே!" என்று கத்தினான். அடுத்த நொடி மொத்தக் கூட்டமும் திரையைப் பார்த்துக் கத்துகிறது. காசிம் கெட்டவன், பேராசைக்காரன் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் அவனைக் காப்பாற்றப் பார்த்தார்கள். ஏடிஎம் வாசலில் பின் நம்பர் மறந்து நிற்கிற அப்பாவைப் பார்த்த பிள்ளைகள் அல்லவா? வீட்டில் செல்போனில் தனியாகப் பார்க்கிற பிள்ளை இப்படிக் கத்தாது. அதனால்தான் உங்களிடம் வருகிறேன், யூடியூபே போதும் என்று இருந்துவிடாமல்.

இன்னொரு ஈர்ப்பு மார்ஜியானா, கதையில் வருகிற அடிமைப்பெண். எம்.ஜி.ஆர். கத்தி சுழற்றட்டும், பி.எஸ். வீரப்பா கொட்டகை அதிரச் சிரிக்கட்டும். மூலக்கதையில் புத்தியெல்லாம் அந்தப் பெண்ணிடம்தான். திருடன் ஒரு கதவில் அடையாளம் வைத்தால், அவள் தெருவிலுள்ள மற்றக் கதவுகளிலும் அதே அடையாளத்தைப் போட்டுவிடுவாள். அந்த வேடத்துக்கு பானுமதி. பானுமதியை ஏமாற்ற முடியும் என்று எந்த வில்லனாலும் நம்மை நம்பவைக்க முடியாது, அந்தப் பார்வை அப்படி. தன் பாட்டைத் தானே பாடியவர் வேறு. பாட்டுகளை எழுதிய மருதகாசி, சினிமாவுக்கு முன் கும்பகோணத்தில் நாடகங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தவர். எம்.ஜி.ஆர். சிறுவயதில் படித்ததும் அங்கேதான், யானையடிப் பள்ளியில். அரபுக் கதை என்கிறோம், பாதிப்பேர் நம் ஊர்த் தண்ணீர் குடித்தவர்கள்.

அரபுக் கதை என்பதும் சிக்கல்தான். ஆயிரத்தொரு இரவுகளின் பழைய அரபுச் சுவடிகளில் அலிபாபா இல்லை. அலெப்போக்காரர் ஹன்னா தியாப் 1709-ல் பாரிசில் வாய்மொழியாகச் சொல்ல, அந்துவான் கலான் பிரெஞ்சில் எழுதிச் சேர்த்த கதை அது. பம்பாயில் ஹோமி வாடியா 1954-ல் இந்தியில் எடுக்க, அங்கிருந்து சேலத்துக்கு வந்தது. ஆக, படத்தில் தெரிகிற அரபு தேசம் செட்டு போட்ட தேசம். கூத்தாநல்லூரிலிருந்து வளைகுடா போய்வந்தவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பெண்ணை அடிமையாக வைத்திருப்பதைப் படம் சாதாரணமாகக் கடந்துபோவது இன்று உறுத்துகிறது. பிள்ளைகள் கேட்டால் கூட வந்த பெரியவர்கள் பதில் சொல்லிக்கொள்ளட்டும். இரண்டாம் பாதியில் கொஞ்சம் இழுவை, அதையும் மறைப்பதற்கில்லை.

கூட்டம் வந்தால் அடுத்த வாரத்துக்கும் ஒரு யோசனை வைத்திருக்கிறேன்: 1940-ல் வந்த ஆங்கில 'பாக்தாத் திருடன்'. ஒளிப்பதிவு, கலை, தந்திரக்காட்சி என்று 3 ஆஸ்கர் வாங்கிய படம். பூதத்தையே மடக்குகிற அந்தத் திருட்டுப் பையனாக வருகிற சாபு மைசூர்ப் பக்கம் காராபுரத்தில் யானைப்பாகன் வீட்டில் பிறந்தவர். அந்த ஊர் கபினிக் கரை. கபினி காவிரியில் கலந்து நம் வாய்க்காலுக்குத்தான் வருகிறது. (கர்நாடகம் திறந்துவிட்டால்.)

இனி காரியத்துக்கு வருகிறேன். இணையத்தில் கிடக்கும் வெளிறிய பிரதியை இறக்கிப் போட்டுவிடாதீர்கள். உரிமை வைத்திருப்பவரிடம் கேட்டு, இருப்பதில் நல்ல பிரதியாக வாங்குங்கள். நிறம் போய்விட்டால் இந்தப் படத்தில் பாதி போச்சு. நேரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று பாட்டை வெட்டச் சொல்லாதீர்கள், 'மாசில்லா உண்மைக் காதலே' வருகையில் தாத்தா பாட்டிகள் சும்மா இருக்கமாட்டார்கள். டிக்கெட் 50 ரூபாய்க்கு மேல் வேண்டாம், கேண்டீனில் பாப்கார்னோடு கடலை உருண்டையும் வையுங்கள். திருவாரூர், மன்னார்குடிப் பக்கம் எந்தத் தியேட்டர் சம்மதித்தாலும் முதல் நாள் காட்சிக்கு ஒரு வேன் நிறையப் பிள்ளைகளைக் கூட்டிவருவது என் பொறுப்பு. அவர்கள் கத்துவார்கள். டார்ச் லைட்டோடு வந்து அதட்ட வேண்டாம் என்று உங்கள் ஆட்களிடம் சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
மன்னார்குடியிலிருந்து ஒரு பழைய பெஞ்சு டிக்கெட்